ஏலம் என்ற சொல்லும் ஸ்தனிஸ்லாஸ் அண்ணனும்

எங்கள் பக்கத்து வீட்டு ஸ்தனிஸ்லாஸ் அண்ணனுக்கு ஏலம் விடுவதுதான் பிழைப்பு. எழுபதுகளில் திருச்சியில் ஒரு பழைய பீரோ கைமாறியது என்றால் நடுவில் அவர் குரல் இல்லாமல் இருந்திருக்காது. பொன்மலை ரயில்வே பங்களாக்களிலிருந்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. கொண்டுபோக முடியாத பியானோ, சாப்பாட்டு மேசை, சுவர்க்கடிகாரம், நாய்க்கூண்டு எல்லாவற்றையும் வாசலில் பரப்பிவிட்டு அண்ணனுக்கு ஆள் அனுப்புவார்கள். பள்ளிக்கூடத்தில் கால் உடைந்த பெஞ்சுகள் சேர்ந்துபோனாலும் அவர்தான் வரவேண்டும். எங்கள் பங்குக் கோவில் திருவிழாவுக்கு மறுநாள், காணிக்கையாக வந்த கோழி, ஆடு, வாழைத்தார், பூசணிக்காய் இவற்றை ஏலம் விடுவதும் அவர்தான். அதற்கு மட்டும் கூலி வாங்கமாட்டார்.

ஆள் பார்க்க ஒல்லி. சட்டைக்குள் தேடவேண்டும். அந்த உடம்பில் அப்படி ஒரு குரலை ஆண்டவர் எந்த மூலையில் வைத்தார் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. பாலக்கரையில் அவர் வாயைத் திறந்தால் ஜங்ஷனில் குதிரை வண்டிக்காரன் திரும்பிப் பார்ப்பான் என்பார் என் வீட்டுக்காரர் அமிர்தராஜ். அவர் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். சத்தத்தைப் பற்றி அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அண்ணன் வெறும் பொருளை விற்கமாட்டார். அது யார் கையில் இருந்தது, என்ன செய்தது என்று சொல்லிவிட்டுத்தான் விலைக்கே வருவார். "இந்தப் பியானோ வாசிக்காத கிறிஸ்மஸ் பொன்மலையில கிடையாதுங்க. நடுவுல ஒரு கட்டை மட்டும் பேசாது. அதை மறைச்சு விக்க நான் வரலை" என்பார். கேட்கிறவர்களுக்கு அந்தப் பேசாத கட்டையின் மேலேயே ஆசை வந்துவிடும். ஒரு தரம், ரெண்டு தரம் என்று வேகமாகச் சொல்லிவிடுவார். மூன்றாவதற்கு மட்டும் வாய் வராது. ஊரைச் சுற்றிப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார், பொருளுக்குச் சொந்தக்காரர் முகத்தைப் பார்ப்பார். ஏன் இப்படி இழுக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"குடுக்கிறவங்களுக்கு மனசு மாறலாம்ல டீச்சர். மூணு தரம்னு சொல்லிட்டா அப்புறம் மாத்த முடியாதே."

சொல்லி முடித்ததும் விரல் முட்டியால் பக்கத்தில் இருக்கிற மரத்தில் ஒரு தட்டு தட்டுவார். சுத்தியல் எல்லாம் அவரிடம் கிடையாது. அந்த டொக் என்ற சத்தத்தோடு பொருள் கைமாறிவிடும்.

கோர்ட்டு ஏலத்துக்கு மட்டும் அவர் போவதில்லை. இளவயதில் போய்க்கொண்டிருந்தாராம், பிறகு விட்டுவிட்டார். காரணம் கேட்டால் "ஒத்துக்கலை டீச்சர்" என்பார், கத்தரிக்காயைச் சொல்வது போல. கல்யாணமும் ஆகவில்லை. தங்கைகளை ஒவ்வொருத்தியாகக் கரையேற்றி முடித்தபோது தலை நரைத்திருந்தது. அதற்கு முன்னால் பெண் கேட்டுப் போன இடங்களிலும் ஒரு பேச்சு இருந்தது. நொடித்துப்போன வீட்டுப் பொருளைக் கூவி விற்கிறவன், அந்த வயிற்றெரிச்சல் அவன் வீட்டில் தங்கும் என்று. இந்தப் பேச்சைப் பேசியவர்கள் வீட்டுக் கட்டிலும் பீரோவும் அண்ணன் விட்ட ஏலத்தில் அவர்கள் எடுத்தவைதான். எனக்கு அந்த ஆட்களை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

இனி அக்னஸ். அவளும் நானும் ஆசிரியப் பயிற்சியில் ஒன்றாகப் படித்தவர்கள், ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை. எனக்குக் கணக்கு, அவளுக்குத் தையலும் பாட்டும். அவளும் கல்யாணம் ஆகாதவள். தம்பி இருதயநாதனை வளர்த்து, படிக்க வைத்து, ஆபீஸ் உத்தியோகத்தில் உட்கார வைத்து, கல்யாணமும் செய்து வைத்துவிட்டு, அவன் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துக்கொண்டு அந்த வீட்டில் ஓர் ஓரமாக இருந்தாள். அவள் அப்பா ஒரு காலத்தில் புத்தூரில் பெரிய வீட்டோடு இருந்த காண்ட்ராக்டர். யாரோ ஒருவருக்கு ஜாமீன் நின்றார். நின்றதற்குப் பலனாக ஜப்தி உத்தரவோடு கோர்ட்டு அமீனா வந்து வீட்டுச் சாமான்களை வாசலில் இறக்கி ஏலம் போட்டார். அக்னஸுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் அதோடு திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வாசலில் நின்று கூவியவர் ஸ்தனிஸ்லாஸ் அண்ணன்.

இது ஊருக்குத் தெரிந்த கதைதான். அதனால்தான் அக்னஸ் ஒவ்வொரு வருஷமும் திருவிழாவுக்கு மறுநாள் பூசை முடிந்த உடனே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிடுவாள். எழுபத்து நாலாம் வருஷத் திருவிழாவில் அவளை ஓடவிடாமல் மழை பிடித்துக்கொண்டது. கோவில் தாழ்வாரத்தில் எல்லோரும் ஒதுங்கி நிற்க, அங்கேயே ஏலம் தொடங்கிவிட்டது. எங்கள் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. ஏலத்தில் எடுத்தவர் பொருளைக் கோவிலுக்கே திருப்பிக் கொடுப்பார், மறுபடி ஏலம் நடக்கும். ஒரே சேவல் நாலைந்து பேர் கைக்குப் போய் வரும். அன்றைக்கு வந்தது அற்புதம்மாள் வீட்டுக் கிழட்டுச் சேவல்.

"இது அற்புதம்மாள் வீட்டுச் சேவலுங்க" என்று அண்ணன் அதைத் தூக்கிக் காட்டினார். "விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே கூவி தெருவையே எழுப்பிவிட்டுடும். பக்தியினால குடுத்தாங்களா, தூக்கத்துக்காகக் குடுத்தாங்களான்னு அந்த அம்மாவைத்தான் கேக்கணும்."

தாழ்வாரம் முழுக்கச் சிரித்தது. என் பக்கத்தில் நின்ற அக்னஸும் சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததை அண்ணன் பார்த்துவிட்டார். ஒரு தரம் சொன்னார், ரெண்டு தரம் சொன்னார், அப்படியே நின்றுவிட்டார். சேவல் கையில் திமிறுகிறது, கேட்டவர் பணத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார், மனிதருக்கு ஊமை பிடித்துவிட்டது. கடைசியில் கோவில் உபதேசியார் வந்து தோளைத் தட்டவேண்டியதாயிற்று.

மறுநாள் காலை நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரத்தில் அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது.

"அக்னஸ் டீச்சர் நேத்து ஏலத்துல நின்னாங்களே" என்றார்.

"மழைக்கு நின்னாங்க அண்ணே."

"சிரிச்சாங்களே."

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. இந்த வயதில் இது என்ன கூத்து என்று முதலில் நினைத்தேன். பஸ்ஸில் போகும்போது, இந்த வயதில்தான் இது வேண்டும் என்று தோன்றியது. மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் அக்னஸைத் தையல் அறைக்குள் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னேன். கோபப்படுவாள் என்று பார்த்தேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இருந்தாள்.

"அவர் மேல எனக்கு ஒண்ணும் இல்ல லூர்து. அந்த வார்த்தைதான் ஆகலை. ஏலம்னு யாராவது சொன்னாலே அந்த இடத்தை விட்டு எந்திரிச்சுப் போயிடுறேன். அது இருக்கிற வீட்டுல நான் எப்படி இருப்பேன்?"

இதை நான் அப்படியே அண்ணனிடம் சொன்னேன். முடியாது என்பதை நாகரிகமாகச் சொல்கிறாள் என்று எந்த மனிதனுக்கும் புரிந்திருக்கும். அண்ணனுக்குப் புரியவில்லை. அவர் முகம் தெளிந்துவிட்டது.

"வார்த்தைதானே டீச்சர்? வேற ஒண்ணும் இல்லையே? வார்த்தையை நான் பாத்துக்கிறேன்."

அந்த வார்த்தை எங்கே பிறந்தது, யார் வீட்டுப் பிள்ளை, அதன் குலம் கோத்திரம் என்ன என்று விசாரித்து, அது நல்ல இடத்து வார்த்தைதான் என்று காட்டிவிட்டால் அக்னஸின் மனம் மாறிவிடும் என்பது அவர் கணக்கு. ஒரு பியானோவின் பூர்வீகத்தைச் சொல்லி விற்கிறவர் ஒரு சொல்லின் பூர்வீகத்தைத் தேடிப் புறப்பட்டார். நான் கணக்கு டீச்சர். சொற்களோடு எனக்குப் பெரிய உறவு கிடையாது. ஆனால் அந்த ஒரு சொல்லுக்காக அடுத்த சில மாதங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே தபால்காரி வேலை பார்த்தேன்.

முதலில் அவர் போனது ஸ்ரீரங்கத்துக்கு. சித்திரை வீதியில் ஸ்ரீரங்கராஜன் என்று ஒருவர், சம்ஸ்கிருதம் படித்தவர், பொன்மலை ஏலங்களில் சுவர்க்கடிகாரம் வாங்கி வாங்கி வீட்டை நிறைத்து வைத்திருந்தார். அண்ணன் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் போய் இறங்கிக் கேட்டதும் அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லையாம்.

"இதுல என்னங்காணும் சந்தேகம்? வேலான்னு ஸம்ஸ்க்ருதத்துல உண்டு. காலம், எல்லை, ரெண்டையும் சொல்லும். மூணாந்தரம் சொல்லியாச்சுன்னா எல்லை வந்துடுத்தோன்னோ? அதான் ஏலம்."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த வீட்டுக் கடிகாரங்கள் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு ஒரு மணி அடித்ததாம். அதனால் அண்ணனுக்கு நம்பிக்கை வரவில்லை. காலத்தைப் பற்றி அந்த வீட்டில் கேட்டிருக்கக்கூடாது என்றார். அக்னஸிடம் சொன்னபோது உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கத்தான்.

பிறகு அண்ணன் தன் தொழிலில் பார்க்கிற ஆட்களையெல்லாம் கேட்க ஆரம்பித்தார். ரயிலில் கேட்பாரற்றுக் கிடக்கும் பார்சல்களை ஏலம் விட வந்த வடக்கத்தி அதிகாரி, தங்கள் ஊரில் அதை நீலாம் என்பார்கள் என்றார். டிக்கெட் பரிசோதகர் ஒரு மலையாளி, லேலம் என்றார். உறையூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசும் ஒரு ஜவுளிக்காரர் வேலம் என்றார். பழைய மரச்சாமான் கடை வைத்திருந்த கலீல் பாய், வாலிபத்தில் பினாங்கில் இருந்தவர், அண்ணனின் நெடுநாள் வாடிக்கை. அவர் கடையில் கிடந்த ஒரு மேசை மேல் ஏறி நின்றே செய்து காட்டினாராம்.

"பினாங்குல லேலோங்கும்பாங்க ஸ்தனிஸ். ஏலத்துக்கும் அதுதான், கடைவீதியில விலையைக் கொறைச்சுத் தள்ளிவிடுறதுக்கும் அதுதான். லேலோங், லேலோங், லேலோங்னு பாட்டு மாதிரி கூவுவானுங்க."

இதை அக்னஸிடம் நான் கலீல் பாய் மாதிரியே கையை ஆட்டிச் சொன்னேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அன்று மாலை தையல் அறையைப் பூட்டும்போது அவள் தனக்குத்தானே லேலோங், லேலோங் என்று முணுமுணுத்ததை நான் கேட்டேன். கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நீலாம், லேலம், வேலம், லேலோங் எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல இருக்கின்றன, தாய் யார் என்றுதான் தெரியவில்லை என்று அண்ணன் தூக்கம் கெட்டு அலைந்தார். கடைசியில் பங்குச் சாமியாரிடம் போனார். சாமியார் வயதானவர், கோவாவில் குருமடத்தில் படித்தவர், கொஞ்சம் போர்த்துக்கீசு தெரியும்.

"லெய்லாங்னு சொல்லுவாங்க" என்றாராம் சாமியார். "கப்பல்ல வந்து இறங்கின சரக்கைத் துறைமுகத்துல கூவி விக்கிறது. அவங்க போன ஊருக்கெல்லாம் அந்த வார்த்தையும் போயிருக்கு. மேசை, அலமாரி, சாவி, ஜன்னல் எல்லாம்கூட அவங்க விட்டுட்டுப் போன வார்த்தைதான் ஸ்தனிஸ்."

அண்ணன் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப நான் விக்கிற பொருளும் அவன் வார்த்தை, விக்கிறதுக்கும் அவன் வார்த்தை. நான் மட்டும்தான் இந்த ஊரு டீச்சர்" என்றார். லெய்லாங் என்று கிளம்பியது எங்கள் கரைக்கு வரும்போது முதல் எழுத்தைக் கப்பலிலேயே விட்டுவிட்டு இறங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அதோடு முடியவில்லை. சாமியார் இன்னொன்றும் சொல்லியிருந்தார். போர்த்துக்கீசியருக்கே அது சொந்த வார்த்தை இல்லை, அரபுக்காரர்களின் அல்-இஃலாமிலிருந்து எடுத்தது என்று தாம் படித்திருப்பதாக.

மறுபடியும் கலீல் பாய். அரபு என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தாராம்.

"இஃலாமா? அது ஓதுற பள்ளியில நானே படிச்ச வார்த்தையாச்சே. இல்முன்னா அறிவு. இஃலாம்னா அறிவிக்கிறது, எல்லாருக்கும் தெரியப்படுத்துறது. அவ்வளவுதான். அதுல விக்கிறதும் இல்ல, வாங்குறதும் இல்ல."

அன்றைக்கு அண்ணன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் வேறு எந்த முகத்திலும் பார்த்ததில்லை. வாசலில் நின்றே சொன்னார். "அறிவிக்கிறதுதானாம் டீச்சர். கேவலமே இல்ல அதுல. மறைக்காம எல்லார் காதுலயும் போடுறது. நம்ம சாமி பிரசங்க பீடத்துலேர்ந்து செய்யுறதும் அதானே. இதைப் போய் அவங்ககிட்ட சொல்லிடுங்க."

எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு சொல் அரபு நாட்டில் என்னவாக இருந்தால் என்ன, அது புத்தூரில் ஒரு வீட்டு வாசலில் வந்து நின்றபோது என்ன செய்தது என்பதுதானே அவளுக்குக் கணக்கு. அதைத்தான் அக்னஸும் சொன்னாள்.

"எங்கேர்ந்து வந்தா என்ன லூர்து, எங்க வீட்டுக்கு வந்தது வந்ததுதான்" என்றாள். கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். "ஆனா ஒண்ணு சொல்றேன். அறிவிக்கிறதுன்னா, அன்னைக்கு அவர் அறிவிக்கலை."

பிறகு அவள் சொன்னது இது. வீட்டுச் சாமானெல்லாம் வாசலுக்குப் போய்விட்டது. வீட்டுக்குள்ளிருந்து கடைசியாக வந்த பாலன் குடில் பெட்டியை அமீனா தூக்கி வைத்தார். அம்மா உயிரோடு இருந்தவரை கிறிஸ்மஸ் தவறாமல் வைக்கோல் பிரித்து அடுக்கிய சொரூபங்கள். மாதா, சூசையப்பர், காது உடைந்த ஒரு கழுதை, பாலன் இயேசு. அக்னஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதுவரை தெருமுனைக்குக் கேட்கக் கூவிக்கொண்டிருந்த அந்த ஒல்லி ஆள் பெட்டிக்குள் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"வாய் அசையுது, சத்தம் வரலை. ஒரு தரமும் கேக்கலை, ரெண்டு தரமும் கேக்கலை. கூட்டம் அந்தப் பக்கம் வண்டி மாட்டைப் பாத்துக்கிட்டு நிக்குது. அமீனா என்னய்யா முனகுறேன்னாரு. தொண்டை கட்டிப்போச்சுங்கன்னாரு இவரு. கேட்பார் இல்லைன்னு பெட்டியைக் காலால ஒதுக்கிவிட்டுட்டாங்க. அது எங்ககூடவே வந்துருச்சு. அடுத்தது மாடு. தொண்டை உடனே சரியாப்போச்சு."

கோர்ட்டு ஏலம் அவருக்கு ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்த அமீனா கூப்பிட்டாலும் அவர் போயிருக்கமாட்டார்.

"இத்தனை நாளா ஏன் சொல்லலை?"

"அந்த வார்த்தையை வாயால சொல்ல முடியாம எப்படிச் சொல்றது? இப்பதான் நீ லேலோங், வேலம்னு தினம் ஒண்ணு கொண்டாந்து போட்டு அதைப் பழக்கிவிட்டுட்டியே." தையல் பெட்டியை மூடிவிட்டு, "வரச் சொல்லு" என்றாள்.

குடில் பெட்டியைப் பற்றி அண்ணனிடம் கேட்டேன். "அப்படியா டீச்சர்? தொண்டை கட்டியிருக்கும்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

இருதயநாதன் விஷயத்தைக் கேட்டதும் குதித்தான். அவனைக் கெட்டவன் என்று நான் சொல்லமாட்டேன். ஏலம் நடந்த அன்று அவன் பள்ளிக்கூடத்துப் பையன். அவனுடைய சைக்கிளும் வாசலில் இறங்கியது, அதை எடுத்தது அவன் வகுப்புத் தோழனின் அப்பா. மறுநாளிலிருந்து அந்தத் தோழன் அதில் ஏறி வர, இவன் நடந்து போனான். அக்காவுக்குப் பெட்டி ஞாபகம் இருப்பது போல அவனுக்குச் சைக்கிள் ஞாபகம் இருந்தது.

"என் சைக்கிள் மணியை அடிச்சுக் காட்டி வித்த ஆளை நான் மச்சான்னு கூப்பிடணுமா?" என்று என் முன்னாலேயே அவளைக் கேட்டான். "அன்னைக்கு அப்பா மானம் வாசல்ல ஏலம் போச்சு. இப்ப நீயே அதைக் கோவில்ல ஏலம் விடப் போறியா? மூணாம் ஓலை படிக்கிற அன்னைக்கு எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு நிப்பேன் அக்கா. அப்புறம் என்னைச் சொல்லாதே."

எங்கள் கோவிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை படிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், ஏதாவது விக்கினம் இருப்பதாக அறிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று சாமியார் சபை முழுக்கக் கேட்க அறிவிப்பார். முதல் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை. தம்பிக்குச் சொல்ல விக்கினம் எதுவும் இல்லை என்பது சாமியாருக்குத் தெரியும். ஆனால் எழுந்து நின்றுவிட்டாலே போதும். கூடப் பிறந்தவன் கோவிலில் எழுந்து நின்ற கல்யாணம் என்று ஊர் அவளைச் சாகும்வரை சொல்லும்.

முதல் ஓலை படித்தார்கள். இரண்டாம் ஓலையும் படித்தார்கள். அன்று மத்தியானம் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அக்னஸும் இருந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார்.

"சாமிகிட்ட கேட்டுட்டேன் டீச்சர். ஆண்டவர்கிட்ட உத்தரவு வாங்கி மூணாம் ஓலையைப் படிக்காம விட்டுடலாமாம். அப்படியே செஞ்சுடலாம். இல்லாட்டி இந்தக் கல்யாணமே வேணாம். ஒரு தடவை ஊர் பாக்க நின்னாங்க. ரெண்டாந்தடவை என்னால அவங்க நிக்க வேணாம்."

ஆண்டவர் என்றால் மேற்றிராணியார், பிஷப். எனக்கும் அதுதான் நல்லது என்று பட்டது. அக்னஸ் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"ஒரு தடவை நீங்க எனக்காகச் சத்தத்தைக் குறைச்சீங்க. அது போதும்" என்றாள். அவரிடம் அவள் நேராகப் பேசி நான் கேட்டது அன்றுதான். "இது நான் வெக்கப்பட வேண்டிய காரியம் இல்ல. மூணாம் ஓலையையும் படிக்கட்டும். சத்தமாவே படிக்கட்டும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை கோவில் நிரம்பி வழிந்தது. பக்தியினால் வந்த கூட்டம் என்று நான் நினைக்கவில்லை. ஆண்கள் பக்கம் முன் வரிசையில் இருதயநாதன் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தான். அண்ணன் வழக்கம் போல் பின்னால், சாமியார் உள்ளே உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்கிற மரத் தொட்டியின் பக்கத்தில் நின்றார். பெண்கள் பக்கத்தில் அக்னஸ், அவளை ஒட்டி நான். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பிரசங்கம் முடிந்ததும் சாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். காலஞ்சென்ற மரியசூசை மகன் ஸ்தனிஸ்லாஸ், காலஞ்சென்ற அந்தோனிமுத்து மகள் அக்னஸ். விக்கினம் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். "இது மூன்றாம் ஓலை" என்று சொல்லி நிமிர்ந்தார்.

முன் வரிசையில் இருதயநாதன் எழுந்து நின்றான்.

கோவிலில் ஒரு குழந்தைகூட அழவில்லை. சாமியார் அவனைப் பார்த்தபடி நின்றார். அவனும் பேசவில்லை. கன்னம் மட்டும் துடித்தது. அண்ணனின் ஏலத்தில் ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவே நிற்குமே ஒரு நேரம், அந்த நேரம் அப்போது வந்து நின்றது. மனம் மாறுகிறவர்கள் மாறிக்கொள்ளலாம். நான் பின்னால் திரும்பி அண்ணனைப் பார்த்தேன். ஊரையே திரும்பிப் பார்க்கவைத்த மனிதர் தலையைக் குனிந்து நின்றார்.

என் கையிலிருந்து அக்னஸ் தன் கையை எடுத்துக்கொண்டாள். எழுந்து நின்றாள். முக்காடு நழுவியதைச் சரி செய்யவில்லை. தம்பியைப் பார்த்தாள். அவள் பாட்டு டீச்சர் என்பதை நாங்கள் எல்லோரும் மறந்திருந்தோம்.

"மூணு தரம்" என்றாள்.

பீடத்து மெழுகுவர்த்தி வரைக்கும் கேட்டிருக்கும். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் சாதாரணமாக அழுகிற ரகம் இல்லை.

அப்போது பின்னாலிருந்து டொக் என்று ஒரு சத்தம் வந்தது. எல்லோரும் திரும்பினோம். அண்ணனின் கை, இத்தனை வருஷப் பழக்கத்தில் தானாகவே போய், பாவசங்கீர்த்தனத் தொட்டியின் மரத்தில் தட்டியிருந்தது. தட்டிய கையை அவர் ஏதோ அடுத்தவர் கையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் கோவிலே சிரித்தது, சாமியாரும் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார்.

இருதயநாதன் சிரிக்கவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உட்கார்ந்துவிட்டான்.